கிளினிக் அட்டையில் ஒரு வெற்றுக் கட்டம்

சென்ற மாதம் ஒரு தோட்டத்தில் மாதர் அணிக் கூட்டம் நடந்தது. கொழுந்து நிறுக்கும்போது கழிக்கிற கிலோவைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தோம். கூட்டம் கலையும் நேரத்தில் பின்னால் நின்ற ஒரு சகோதரி, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பிள்ளையின் கிளினிக் அட்டையை எடுத்து நீட்டினார். "அண்ணே, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. மகன முதலாம் வகுப்புல சேர்க்கப் போனேன். ஒரு ஊசி விட்டுப் போச்சுன்னு டீச்சர் சொல்றாங்க. எனக்கு ஒன்னும் வெளங்கல."

அட்டையைப் பார்த்தோம். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி., 2ஆம், 4ஆம், 6ஆம் மாத ஊசிகள், 9ஆம் மாதம், ஒரு வயது, 18 மாதம் என்று எல்லாக் கட்டத்திலும் திகதி இருந்தது. 3 வயதுக்கான கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அந்த வருஷம் அவர் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றிருக்கிறார். பிள்ளை அம்மாயியிடம் இருந்தது. கிளினிக்கில் அடுத்த திகதியைக் குறித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அட்டை தமிழில் அச்சானது. குறிப்பு சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அம்மாயிக்கு இரண்டையுமே வாசிக்கத் தெரியாது.

இதைக் கேட்டதும் மற்றச் சகோதரிகளும் லயத்துக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளின் அட்டைகளை எடுத்து வந்தார்கள். கிலோக் கதையை விட்டுவிட்டு இருட்டும் வரை அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாவது வயதுக்கான பகுதி பெரும்பாலும் ஒழுங்காக நிரம்பியிருந்தது. 18 மாதத்தோடு அது தளரத் தொடங்குகிறது. 3 வயதுக் கட்டத்தில் திகதி இல்லாத அட்டைகள் ஒன்றோடு நிற்கவில்லை. ஒரு தோட்டத்தில் ஒரு மாலையில் கண்டதை வைத்து மலையகம் முழுவதற்கும் கணக்குச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் இதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த 3 வயது ஊசி எம்.எம்.ஆர். தடுப்பூசியின் இரண்டாவது முறை. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் அது ஒரே ஊசி. முதல் முறை 9 மாதம் நிறைந்ததும் போடுகிறார்கள், இரண்டாவது முறை 3 வயது நிறைந்ததும். "ஒரு தடவை போட்டாச்சே, பிறகு எதற்கு இன்னொன்று?" என்று நம் தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 9 மாதத்தில் ஊசி போடும் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் சின்னமுத்துக்கு எதிரான சக்தி உடம்பில் உண்டாகிறது. தாயின் இரத்தத்திலிருந்து வந்த சக்தி இன்னும் மிச்சமிருப்பதால் சில பிள்ளைகளின் உடம்பு அந்த ஊசியைச் சரியாக ஏற்றுக்கொள்வதில்லை. எந்தப் பிள்ளை ஏற்றது, எந்தப் பிள்ளை ஏற்கவில்லை என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாவது ஊசி அந்த மிச்சப் பிள்ளைகளுக்காகத்தான். இரண்டும் போட்ட பிள்ளைகளில் 100க்கு 97 பேர் அளவில் பாதுகாப்புப் பெறுகிறார்கள்.

தடுப்பூசி விஷயத்தில் நம் நாடு பெருமைப்பட நியாயம் உண்டு. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் இங்கே தொடங்கியது. 1993க்குப் பிறகு இளம்பிள்ளை வாதம் ஒரு பிள்ளையையும் முடக்கவில்லை. சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019 ஜூலையில் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்று தந்தது. இந்த மண்ணில் தானாகப் பரவிய கடைசிச் சின்னமுத்து நோயாளி கண்டறியப்பட்டது 2016இல். இவ்வளவும் இலவசமாக, மழையிலும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறும் மருத்துவமாதுகளின் காலால் நடந்தது. அந்தப் பெண்களும் நம்மைப் போலக் குறைந்த சம்பளத்துக்கு அதிக தூரம் நடக்கும் தொழிலாளிகளே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அப்படியிருந்தும் 2023 மே மாதத்தில் சின்னமுத்து திரும்பி வந்தது. கொழும்பிலும் அதைச் சுற்றிய இடங்களிலும் தொடங்கி அந்த வருஷத்திலேயே நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் இரண்டு கூட்டம் கண்ணில் பட்டது. ஒன்று, ஊசி போடும் வயதே வராத 9 மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகள். மற்றது, 20 முதல் 30 வயது வரையிலான இளைஞர்கள். 2024 ஜனவரியில் 9 மாவட்டங்களில், 6 மாதம் முதல் 9 மாதம் வரையான குழந்தைகளுக்குக்கூட மேலதிகமாக ஒரு ஊசி போட வேண்டிய நிலை அரசாங்கத்துக்கு வந்தது.

இது கொழும்புக் கதைதானே, நமக்கென்ன என்று யாராவது நினைத்தால், அவர்கள் தீபாவளிக்கு முதல் நாள் ஹட்டன் பஸ் நிலையத்தில் போய் நின்று பார்க்கட்டும். இன்று மலையகத்துப் பிள்ளைகளில் ஒருவர் கொழும்பில் கடையிலோ, ஹோட்டலிலோ, ஆடைத் தொழிற்சாலையிலோ, வீட்டு வேலையிலோ இல்லாத லயம் இருக்கிறதா? அவர்கள் அந்த 20 முதல் 30 வயதுக்காரர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துத் தேருக்கும் நிறைந்த பஸ்ஸில் வந்து, ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழும்பி, மூன்றாம் நாள் திரும்பிப் போகிறார்கள். இதில் அவர்கள் குற்றம் ஏதும் இல்லை. நோய்க்கு வழி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம்.

சின்னமுத்து மற்றக் காய்ச்சல்களைப் போன்றதல்ல. அது காற்றில் பரவும். நோயாளி இருமிவிட்டு எழுந்து போன பின்பும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணித்தியாலம் வரை கிருமி இருக்கக்கூடும். பாதுகாப்பு இல்லாத பத்துப் பேர் நோயாளியின் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். உடம்பில் சிவப்புத் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடுவதால், நோய் இன்னதென்று தெரியும்போது அது அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருக்கும். இதைத் தடுத்து நிறுத்த ஒரு இடத்தில் உள்ளவர்களில் 100க்கு 95 பேராவது இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். லயத்தின் நடுச்சுவர் கூரை வரை உயராமல் நிற்கும் காம்பராக்களில் வாழ்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த காம்பராவில் இருமுவது நம் தலைமாட்டில் கேட்கிறது.

நாட்டின் தடுப்பூசிக் கணக்கு 100க்கு 95க்கு மேல்தான் நிற்கிறது. அதை நாங்கள் சந்தேகப்படவில்லை. ஆனால் அது சராசரி. ஒரு மாவட்டம் முழுவதும் 97 என்றால், விடுபட்ட அந்த 3 பேர் மாவட்டம் முழுக்கச் சீராகச் சிதறிக் கிடப்பதில்லை. பாதை கெட்ட ஒரு டிவிஷனில், மருத்துவமாது பதவி வெற்றிடமாகக் கிடக்கிற ஒரு தோட்டத்தில், தாய்மார் வெளியூருக்கு வேலைக்குப் போன ஒரு லயத்தில் அவர்கள் மொத்தமாகச் சேர்ந்து கிடப்பார்கள். நோய்க்கு மாவட்டச் சராசரி தெரியாது. அதற்கு வேண்டியது அந்த ஒரு லயம்.

இனி நமது பிள்ளை மடுவத்தைப் பாருங்கள். பிள்ளை பெற்ற தாய்க்குச் சட்டப்படி கிடைப்பது 84 நாள் லீவு. அது முடிந்தால் அவள் மலைக்குப் போகிறாள், மூன்று மாதக் குழந்தை மடுவத்துக்குப் போகிறது. சின்னமுத்து ஊசி 9 மாதத்தில்தான். நடுவில் ஆறு மாதம். இந்த ஆறு மாதமும் அந்தக் குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த சக்திதான் காவல், அதுவும் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும். நோய் வந்து தேறிய பழைய காலத்துத் தாய்மாரின் சக்தி குழந்தையிடம் கொஞ்சம் அதிக நாள் நின்றது. ஊசியால் பாதுகாப்புப் பெற்ற இன்றைய தாய்மாரின் சக்தி அதைவிடச் சீக்கிரம் வற்றிவிடுகிறது. அந்த நேரத்தில் குழந்தை படுத்திருக்கும் தொட்டிலைச் சுற்றி ஓடி விளையாடுவது யார்? மூன்று வயதும் நான்கு வயதும் ஆன பிள்ளைகள். மூன்று வயதுப் பிள்ளையின் அட்டையில் விடுபட்ட கட்டம் அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு இருக்கிற ஒரே வேலி, சுற்றியுள்ள பிள்ளைகள் ஊசி போட்டிருப்பதுதான்.

நோய் வந்தால் நம் பிள்ளைகள் அதைத் தாங்கும் நிலையிலும் இல்லை. 2016இல் அரசாங்கம் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். போஷாக்கு இல்லாத உடம்பில் சின்னமுத்து நியூமோனியாவாக மாறும், வயிற்றோட்டமாக மாறும். விற்றமின் ஏ குறைந்த பிள்ளையின் கண்ணைக் கெடுக்கும். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளை வரை போகும். தேறிய பிள்ளையும் முழுதாகத் தப்பியதென்று சொல்ல முடியாது. அதுவரை மற்றக் கிருமிகளுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்திருந்த சக்தியில் ஒரு பகுதியை இந்த நோய் அழித்துவிட்டுப் போகிறது. பிறகு மாதக் கணக்கில் அந்தப் பிள்ளை சளி, காய்ச்சல், வயிற்றோட்டம் என்று வைத்தியசாலைக்கு அலையும்.

அப்படியானால் ஏன் ஊசி விடுபடுகிறது? தோட்டத்து அம்மாவுக்கு அக்கறை இல்லை, படிப்பறிவு இல்லை என்று சொல்வது மேலே இருப்பவர்களுக்கு இலேசான பதில். அவர்கள் எங்களோடு அந்த அட்டைகளைப் பார்த்திருக்க வேண்டும். முதல் வயது வரை வரிசையாகத் திகதி நிற்கிறதே, அது யாருடைய அக்கறை? பிள்ளையை மார்போடு அணைத்து இரண்டு மைல் இறங்கி ஏறியவள் அவள்தான்.

உண்மைக் காரணம் செக்ரோலில் இருக்கிறது. கிளினிக் வேலை நாளில் நடக்கிறது. காலையில் பிரட்டுக்கு வராதவளுக்கு அன்றைய பெயர் இல்லை. ஊசி போட்டுவிட்டுப் பத்து மணிக்கு ஓடி வந்தாலும், "இப்ப வந்து என்ன? போ வீட்டுக்கு" என்று திருப்பி அனுப்புகிற கங்காணிமார் இன்னும் இருக்கிறார்கள். அரைப் பெயர் போட்டால் அது பெரிய தயவு. மாதத்தில் இத்தனை நாள் வேலை செய்தால்தான் இன்ன கொடுப்பனவு என்று எங்கெல்லாம் கணக்கு இருக்கிறதோ, அங்கெல்லாம் அந்த ஒரு நாள் இன்னும் கனத்துப் போகிறது. கைக்குழந்தையாக இருக்கும்போது இதைத் தாங்கிக்கொண்டு போகிறார்கள். மூன்று வயதில் பிள்ளை ஓடியாடி நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப் போடுகிறார்கள். அடுத்த மாதம் கொழுந்துக் காலம் வந்துவிடுகிறது.

கிளினிக் பக்கத்திலும் ஒரு கட்டாயம் இருக்கிறது, அதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். எம்.எம்.ஆர். மருந்து குப்பியில் தூளாக இருக்கும். ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து உண்டு. கரைத்துவிட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை வீசத்தான் வேண்டும். எந்நேரமும் குளிரிலே வைத்திருக்கவும் வேண்டும். ஆகவே ஒரு தாய் தனியாக ஒரு நாள் வந்து நின்றால் அவளுக்காகக் குப்பியைத் திறக்கத் தயங்குகிறார்கள், அடுத்த கிளினிக் நாளுக்கு வரச் சொல்கிறார்கள். அவள் இரண்டாவது பெயரையும் இழந்து வர வேண்டும். இதில் மருத்துவமாதுவைக் குறை சொல்லிப் பயனில்லை. கிளினிக் நாளையும் வேலை நாளையும் ஒன்றாக உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க யாரும் இல்லாததுதான் குறை.

யாரும் இல்லை என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நம் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த பாதையில் வாந்திபேதியிலும் பெரியம்மையிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிறகு மண்டபம் முகாமில் ஆட்களை நாட்கணக்காக மறித்து வைத்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். அந்த ஊசி நம் ஆட்களின் நன்மைக்காகக் குத்தப்பட்டதென்று நாங்கள் நம்பவில்லை. தோட்டத்துக்கு வேலையாள் சாகாமல் வந்து சேர வேண்டும், நோய் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்பதே கணக்கு. 1872இல் குடிவந்த தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று தனியாகச் சட்டம் போட்டார்கள். அன்றிலிருந்து தோட்டத்து ஆளின் சுகாதாரம் தோட்டத்தின் பொறுப்பு என்றும், கிராமத்து ஆளின் சுகாதாரம் அரசாங்கத்தின் பொறுப்பு என்றும் இரண்டு பாதையாகப் போனது. 1948க்குப் பிறகு பிரஜாவுரிமையும் இல்லாமல் போனபோது அந்தப் பிளவு இன்னும் ஆழமானது. இன்று தடுப்பூசி சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலிருந்து வருகிறது; மடுவமும் தோட்ட வைத்திய நிலையமும் கம்பனிகளோடும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தோடும் சம்பந்தப்பட்டிருக்கின்றன; வேலை நேரம் துரையின் கையில். மூன்று பேரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தாலும் நடுவில் ஒரு பிள்ளை விழுந்துவிடலாம்.

தாய்மாரின் மனதில் இருக்கும் தயக்கத்தையும் பேசாமல் விடக் கூடாது. மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் இல்லை. பிள்ளைக்கு உடம்பில் முத்துப் போட்டால் அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை வைத்து, கறி மீன் சமைக்காமல், வாசலில் ஆளை மறித்து நிறுத்துகிற வழக்கம் நமக்கு உண்டு. ஆளை மறிப்பது நல்ல பழக்கம்தான், பரவுவதை அது குறைத்திருக்கும். வேண்டுதலும் இருக்கட்டும். அதோடு வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பதுதான் பிள்ளையைக் கொல்கிறது. பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டதாக 1980இல் அறிவித்தார்கள். அம்மன் கோயில்கள் அப்படியேதான் இருக்கின்றன, தேரும் ஓடுகிறது. ஊசி போட்டால் அம்மன் கோபிப்பாள் என்று எந்தப் பூசாரியும் எங்களிடம் சொன்னதில்லை.

ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வருமென்ற பயம் இன்னொன்று. வரலாம். எம்.எம்.ஆர். போட்டு ஒரு கிழமைக்குப் பிறகு இலேசான காய்ச்சலும் சில தடிப்புகளும் சில பிள்ளைகளுக்கு வந்து தானாகப் போகும். கேள்வி கேட்பதில் குற்றமில்லை. 2008இல் ஐந்து நோய்களுக்கான புதிய ஊசி இங்கே அறிமுகமானபோது சில குழந்தைகளின் மரணத்தை அதோடு சேர்த்துச் சந்தேகம் எழுந்தது. அரசாங்கம் ஊசியை நிறுத்தி வைத்து விசாரித்தது, ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கண்ட பிறகே மீண்டும் தொடங்கியது. இன்று 2ஆம், 4ஆம், 6ஆம் மாதங்களில் போடுவது அந்த ஊசிதான். பயம் இருக்கும் தாய் மருத்துவமாதுவிடம் தன் மொழியில் கேட்டுத் தன் மொழியில் பதில் பெற வேண்டும். அதற்குத் தமிழ் பேசும் மருத்துவமாதுகள் வேண்டும். உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண் பிள்ளைகளை அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் மாவட்டக் காரியாலயத்துக்கு வரட்டும்.

இனி எங்கள் பக்கத்துக் குறை. இந்தச் சங்கம் சம்பளத்துக்காகப் போராடியிருக்கிறது, கிலோவுக்காக வேலை நிறுத்தம் செய்திருக்கிறது, காணிக்காகவும் வீட்டுக்காகவும் பேசியிருக்கிறது. பிள்ளைக்கு ஊசி போடும் நேரத்துக்காக எந்த மேசையிலும் இதுவரை வாய் திறந்ததில்லை. அது பெண்கள் விஷயம், மடுவத்து விஷயம் என்று ஒதுக்கி விட்டோம். பேசும் மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அதற்கும் எங்களிடம் நல்ல பதில் இல்லை.

கேட்பதற்கு வழி இல்லாமலில்லை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையுள்ள தாய்க்கு வேலை நேரத்துக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. மடுவம் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். அதற்காகப் பெயரை வெட்ட முடியாது. பால் கொடுக்கும் நேரம் வேலை நேரம்தான் என்று சட்டம் ஏற்றுக்கொண்ட பிறகு, வருஷத்தில் சில தடவை மட்டும் வரும் ஊசி நேரத்தை ஏன் ஏற்க முடியாது? 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தொழிலாளிக்கு, தாயோ தகப்பனோ, கிளினிக் நாளில் முழுப் பெயர் வேண்டும். தகப்பன் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறோம். கவ்வாத்துக்குப் போகும் தகப்பனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போகலாம், வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

கிளினிக் நாளை முன்கூட்டியே தோட்ட நிர்வாகமும் சுகாதாரப் பணிமனையும் பேசி முடிவு செய்து பிரட்டில் அறிவிக்க வேண்டும் என்றும், மேல் டிவிஷன்களுக்குக் கிளினிக் ஏறி வர வேண்டும் என்றும், அடுத்த திகதியைத் தமிழிலும் எழுத வேண்டும் என்றும் கேட்டு ஒவ்வொரு மாவட்டக் கமிட்டியும் தன் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்திக்கும். மடுவத்துச் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் ஏற்கெனவே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. 3 வயது நிறையும் பிள்ளைகளின் பெயரை மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து எடுத்து மருத்துவமாதுவிடம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்குக் காசு செலவில்லை. மண்சரிவுப் பயத்தால் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் குடும்பங்களைத் தங்க வைக்கும் காலங்களில் இந்தப் பட்டியல் இன்னும் அவசரம். ஒரே மண்டபத்தில் பத்துக் குடும்பம் படுத்தால் சின்னமுத்துக்கு லயத்தை விடவும் வசதி.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம். அட்டையை எடுத்துப் பாருங்கள். 9 மாதம், 3 வயது என்ற இரண்டு கட்டத்திலும் திகதி இருக்கிறதா? இல்லையென்றால் பயப்படத் தேவையில்லை. தவறிய ஊசியைப் பிந்தியும் போடலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 5 வயது ஊசியும், பாடசாலையில் 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கப் போடுகிற இரண்டு ஊசியும், 7ஆம் வகுப்பில் போடுகிற ஏற்புவலி ஊசியும் விடுபடக் கூடாது. அந்த நாளில் பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். அட்டை மழையில் போய்விட்டது, தொலைந்துவிட்டது என்றால் மருத்துவமாதுவின் பதிவில் பெயரைத் தேடச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து பிள்ளையோடு திரும்பி வந்தவர்கள் வந்த கிழமையிலேயே கிளினிக்கில் பதிய வேண்டும். வெளியூர் போகும் தாய், அட்டையைப் பாட்டியிடம் கொடுக்கும்போது அடுத்த திகதியைச் சுவர்க் கலண்டரில் வட்டமிட்டு விட்டுப் போகட்டும்.

காய்ச்சல், இருமல், மூக்கோட்டம், கண் சிவப்போடு காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கி உடம்புக்கு இறங்கும் தடிப்பைக் கண்டால் பிள்ளையை மடுவத்துக்கும் பாடசாலைக்கும் அனுப்பாதீர்கள். தடிப்புத் தெரிந்து நாலு நாளாவது வீட்டில் வைத்திருங்கள். உடனே மருத்துவமாதுவுக்குச் சொல்லி அனுப்பி வைத்தியசாலையில் காட்டுங்கள். தோட்டத் தலைவருக்கும் சொல்லுங்கள். மறைத்தால் பக்கத்துக் காம்பராக் குழந்தைக்குத்தான் ஆபத்து.

வரும் சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தோட்டக் கமிட்டிகளும் கோயில் முன்றலிலோ மடுவத்திலோ உட்காரும். 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ளவர்கள் அட்டையோடு வாருங்கள். சந்தாக் கட்டாதவர்களும் வரலாம், மற்றச் சங்கத்து ஆட்களும் வரலாம். வாசிக்கத் தெரிந்த உயர்தர மாணவர்கள் இரண்டு பேரை ஒவ்வொரு கமிட்டியும் உதவிக்கு வைத்துக்கொள்ளட்டும். விடுபட்ட பிள்ளைகளின் பெயரையும், கிளினிக் போனதற்காகப் பெயர் வெட்டப்பட்ட தாய்மாரின் பெயரையும் திகதியோடு தனித்தனியாக எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். முதல் பட்டியல் சுகாதாரப் பணிமனைக்குப் போகும். இரண்டாவது பட்டியலைக் கம்பனிகளோடு பேசும் மேசைக்கு நாங்கள் கொண்டுபோவோம்.

அந்தச் சகோதரியின் மகனுக்கு ஊசி போட்டாயிற்று. இப்போது முதலாம் வகுப்பில் இருக்கிறான். கிளினிக் போன அன்று அவருக்குப் பெயர் போடவில்லை. இரண்டாவது பட்டியலில் முதல் பெயர் அவருடையது.